திருடன் எண்ணும் துறைகளை நீங்களும் எண்ணுங்கள்

மாணவர்களே, உங்கள் மடிக்கணினியைப் பற்றி உங்களுக்கு நிறையத் தெரியும். அதன் ரேம் எத்தனை கிகாபைட், மின்கலம் எத்தனை மணி நேரம் தாங்கும், எந்த விளையாட்டு அதில் ஓடும், எது திணறும் என்று கேட்டவுடன் சொல்லிவிடுவீர்கள். இன்னொரு கேள்வி கேட்கிறேன். வெளியிலிருந்து வரும் அழைப்புக்காக இந்த நிமிடத்தில் உங்கள் கணினியில் எத்தனை நிரல்கள் காத்திருக்கின்றன? எந்தெந்த எண்களில் காத்திருக்கின்றன?

பெரும்பாலோர் விழிப்பீர்கள். வீட்டுப் பெரியவர்களைக் கேட்டாலும் இதே கதைதான். ஆனால், உங்கள் கணினிக்குள் களவாக நுழையும் நிரல் ஒன்று இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொள்ளாமல் போகாது. நுழைந்தவுடன் அது செய்யும் வேலைகளில் ஒன்று இந்தக் கணக்கெடுப்புதான்.

2019ஆம் ஆண்டு அக்டோபர் இறுதியில் தமிழ்நாட்டின் கூடங்குளம் அணுமின் நிலையம் செய்திகளில் அடிபட்டது. தன் கணினி அமைப்பில் தீநிரல் ஒன்று கண்டறியப்பட்டது உண்மைதான் என்று இந்திய அணுமின் கழகம் அக்டோபர் 30ஆம் நாள் அறிக்கை வெளியிட்டது. தொற்றுக்கு ஆளான கணினி, நிர்வாக வேலைகளுக்காக இணையத்தோடு இணைக்கப்பட்ட வலையமைப்பில் இருந்தது என்றும், முக்கியமான உள் வலையமைப்பு அதிலிருந்து தனியே பிரிக்கப்பட்டிருந்ததால் நிலையத்தின் இயக்கத்துக்குப் பாதிப்பில்லை என்றும் அந்த அறிக்கை சொன்னது. நல்லவேளை. ஆனால், அதே அறிக்கையில் இன்னொரு செய்தியும் இருந்தது. தீநிரலைக் கவனித்து செப்டம்பர் 4ஆம் நாள் தகவல் கொடுத்தது, வெளியே இருந்த இந்திய அரசின் கணினி அவசரநிலைக் குழுவாகும்.

இணையப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இந்த நிகழ்வோடு தொடர்புபடுத்திய தீநிரலுக்கு 'டிடிராக்' என்று பெயர். அது என்னவெல்லாம் செய்யும் என்று காஸ்பர்ஸ்கி நிறுவனம் அதே ஆண்டு செப்டம்பரில் எழுதியிருந்தது. விசைப்பலகையில் தட்டுவதைப் பதிவு செய்யும். உலாவியின் வரலாற்றைத் திரட்டும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களைப் பட்டியலிடும். கணினியின் முகவரியையும் அப்போது நடப்பிலிருக்கும் வலைத் தொடர்புகளையும் குறித்துக்கொள்ளும்.

கடைசி இரண்டு வேலைகளைக் கவனியுங்கள். அவற்றைச் செய்யத் திருட்டுக் கருவி எதுவும் தேவையில்லை. உங்கள் கணினியிலேயே அதற்கான கட்டளை இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து இருக்கிறது. வீட்டுக்காரர் ஒருநாளும் எண்ணிப் பார்க்காத கதவுகளை வந்த திருடன் எண்ணிக்கொண்டு போகிறான். இந்த நிலை மாற வேண்டும், அதை மாற்றும் வயது உங்கள் வயதுதான் என்பது என் கருத்து.

ஒரு கரை, பல துறைகள்

வலையமைப்புத் துறை என்றால் என்ன? ஆங்கிலத்தில் 'போர்ட்' என்கிறார்கள். யுஎஸ்பி கம்பியைச் செருகும் துளையையும் போர்ட் என்றே சொல்வதால் குழம்பிவிடாதீர்கள். நாம் பேசும் துறையைக் கையால் தொட முடியாது. அது ஓர் எண், அவ்வளவுதான்.

பினாங்கு மாணவர்களுக்கு இதை விளக்குவது எளிது. ஜார்ஜ் டவுன் பெங்காலான் வெல்ட் கடலோரத்துக்குப் போனால் மரக்கால்களின் மேல் நிற்கும் சீனர் படகுத்துறைகளைப் பார்க்கலாம். கரை ஒன்றுதான். ஆனால் லிம் துறை, சியூ துறை, டான் துறை, லீ துறை என்று ஒவ்வொரு குலப்பெயரினருக்கும் தனித்தனித் துறை. 'பெங்காலான் வெல்ட்' என்று மட்டும் சொன்னால் படகோட்டிக்குக் கரை தெரியும். எங்கே படகைக் கட்டுவது என்று தெரியாது. துறையின் பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் படகு உரியவர்களிடம் போய்ச் சேரும்.

கணினியும் அப்படித்தான். ஐபி முகவரி கரையைக் காட்டுகிறது. துறை எண், அந்தக் கணினிக்குள் இருக்கும் எந்த நிரலிடம் தகவல் போக வேண்டும் என்பதைக் காட்டுகிறது. ஒரே நேரத்தில் நீங்கள் யூடியூப் பார்க்கிறீர்கள், நண்பனோடு விளையாடுகிறீர்கள், பின்னால் விண்டோஸ் தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. எல்லாத் தகவலும் ஒரே வைஃபை வழியாகத்தான் வருகிறது. ஆனாலும் விளையாட்டுக்கு வந்தது யூடியூப்புக்குப் போய்விடுவதில்லை. காரணம், துறை எண்.

துறை எண்ணுக்கு 16 பிட் ஒதுக்கப்பட்டிருக்கிறது. இரண்டை 16 முறை பெருக்கிப் பாருங்கள்: 65,536. ஆகவே, எண்கள் 0 முதல் 65,535 வரை. டிசிபி, யுடிபி என்ற இரண்டு போக்குவரத்து முறைகளுக்கும் தனித்தனியாக இத்தனை எண்கள் உண்டு. 0 முதல் 1023 வரை உள்ளவை பொதுச் சேவைகளுக்கு உரியவை. பூட்டுக் குறியோடு வரும் இணையப் பக்கங்களுக்கு 443, பூட்டில்லாத பழைய பக்கங்களுக்கு 80, மின்னஞ்சல் அனுப்ப 25, இணையப் பெயர்களை முகவரியாக மாற்ற 53 என்று உலகம் முழுவதும் ஒரே வழக்கம். 1024 முதல் 49,151 வரை உள்ளவற்றை மென்பொருள் உருவாக்குவோர் பதிவு செய்துகொள்ளலாம். மைன்கிராஃப்ட் சர்வர் வழக்கமாகக் காத்திருக்கும் 25565 இந்த வரிசையில் வருகிறது. 49,152-க்கு மேற்பட்டவை தற்காலிகப் பயன்பாட்டுக்கானவை.

இந்த ஒழுங்கு தானாக வந்துவிடவில்லை. 1972 மே மாதம் ஜான் போஸ்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒரு குறிப்பு எழுதினார். எந்தச் சேவைக்கு எந்த எண் என்று பகிர்ந்தளிக்க ஒருவர் வேண்டும், வேண்டுமானால் நானே அந்தப் பொறுப்பை ஏற்கிறேன் என்பது அதன் சாரம். 1998-இல் இறக்கும் வரை இணைய எண்களை ஒழுங்குபடுத்தும் பணியில் அவர் இருந்தார். உலகக் கணினிகள் முட்டிமோதாமல் பேசிக்கொள்வதற்குப் பின்னால், பொறுமையாகப் பட்டியல் வைத்திருந்த ஒரு மனிதர் இருக்கிறார்.

அதே 1972-இல்தான் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக வட்டாரம் தொடங்கியது. இண்டல் நிறுவனமும் பினாங்குக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகக் கணினிகளுக்கான சில்லுகளைப் பொருத்தியும் சோதித்தும் அனுப்பும் ஊர் இது. அந்தத் தொழிற்சாலைகளில் நம் அக்காமார்களும் அண்ணன்மார்களும் வேலை செய்கிறார்கள். ஒவ்வொரு சில்லையும் சோதித்துப் பார்க்காமல் வெளியே விடாத ஊரில், வீட்டுக் கணினியை ஒருமுறைகூடச் சோதித்துப் பார்க்காமல் இருப்பது பொருத்தமாகவா இருக்கிறது?

இரண்டு நிமிட வேலை

இப்போதே செய்து பார்க்கலாம். விண்டோஸ் கணினியில் தேடல் கட்டத்தில் 'கமாண்ட் பிராம்ப்ட்' என்று தேடித் திறந்துகொள்ளுங்கள். கறுப்புத் திரை வரும். அதில் 'நெட்ஸ்டாட்' என்று ஆங்கிலத்தில் தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ஒரு சிறுகோடு போட்டு, அதை ஒட்டி ஏ, என், ஓ என்ற மூன்று சிறிய எழுத்துகளையும் தட்டி என்டர் விசையை அழுத்துங்கள். ஏ என்றால் எல்லாவற்றையும் காட்டு. என் என்றால் பெயர்களுக்குப் பதில் எண்களாகக் காட்டு. ஓ என்றால் அந்தத் துறையை வைத்திருக்கும் நிரலின் அடையாள எண்ணையும் காட்டு.

லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 'எஸ்எஸ்' என்ற இரண்டெழுத்துக் கட்டளையையும், மேக் வைத்திருப்பவர்கள் எல், எஸ், ஓ, எஃப் என்ற நான்கெழுத்துக் கட்டளையையும் பயன்படுத்தலாம். கறுப்புத் திரை பிடிக்காதவர்களுக்கு விண்டோஸில் 'ரிசோர்ஸ் மானிட்டர்' இருக்கிறது. அதில் 'நெட்வொர்க்' பகுதியில் 'லிசனிங் போர்ட்ஸ்' என்ற பட்டியலைத் திறந்தால், நிரலின் பெயரோடு துறை எண்ணும் தெரியும்.

பட்டியல் நீளமாக ஓடும். பயப்பட வேண்டாம். மூன்று விஷயங்களை மட்டும் பாருங்கள்.

முதலாவது, நிலை. 'லிசனிங்' என்று இருந்தால், அந்தத் துறையில் ஒரு நிரல் உட்கார்ந்து, யாராவது வருகிறார்களா என்று காத்திருக்கிறது. 'எஸ்டாப்ளிஷ்ட்' என்றால் பேச்சு நடந்துகொண்டிருக்கிறது. 'டைம் வெயிட்' என்றால் பேச்சு முடிந்து, கடைசித் துணுக்குகளுக்காகச் சற்று நேரம் வைத்திருக்கிறார்கள். யுடிபி வரிகளில் நிலை எதுவும் எழுதியிருக்காது, அது இயல்பு.

இரண்டாவது, துறை எண்ணுக்கு முன்னால் இருக்கும் முகவரி. 127.0.0.1 என்று இருந்தால், அந்த நிரல் இதே கணினிக்குள் இருக்கும் மற்ற நிரல்களோடு மட்டுமே பேசும். வீட்டுக்குள் ஓர் அறைக்கும் இன்னோர் அறைக்கும் இடையே உள்ள கதவு அது. 0.0.0.0 என்று இருந்தால், கணினியின் எல்லா வலை இணைப்புகள் வழியாகவும் வருபவர்களை வரவேற்கக் காத்திருக்கிறது. தெருவைப் பார்த்த கதவு. இந்த ஒரு வேறுபாட்டைக் கற்றுக்கொண்டாலே இன்றைய வாசிப்பு வீண்போகாது.

மூன்றாவது, வரியின் கடைசியில் இருக்கும் பிஐடி எண். அதைக் குறித்துக்கொண்டு 'டாஸ்க் மேனேஜர்' திறந்து, 'டீட்டெய்ல்ஸ்' பகுதியில் அதே எண்ணைத் தேடுங்கள். துறைக்குச் சொந்தக்காரர் யார் என்று தெரிந்துவிடும்.

135, 139, 445, 49,664-இல் தொடங்கும் சில எண்கள் ஆகியவை பெரும்பாலான விண்டோஸ் கணினிகளில் இருக்கும். அவற்றைப் பார்த்ததும் 'ஹேக்கர் வந்துவிட்டான்' என்று கூச்சல் போட வேண்டாம். அவை விண்டோஸின் சொந்த வேலைகளுக்கானவை. பிஐடி 4 என்று இருந்தால் அது விண்டோஸின் மையப் பகுதியே. அடையாளம் தெரியாத எண்ணைப் பார்த்த வேகத்தில் நிரலை நிறுத்துவதும் அழிப்பதும் கூடாது. முதலில் அது எந்த நிரல், எந்தக் கோப்புறையிலிருந்து ஓடுகிறது, அதை யார் நிறுவினார்கள் என்று கேளுங்கள். மருத்துவர் நாடி பார்த்தவுடன் கத்தியை எடுப்பதில்லை.

பிழைச் செய்தியும் ஓர் ஆசிரியர்தான்

இந்தப் பழக்கத்தால் அன்றாடப் பயனும் உண்டு. வலைப்பக்கம் அமைக்கப் பழகுபவர்கள் 'சாம்ப்' போன்ற மென்பொருளை நிறுவியிருப்பீர்கள். ஒருநாள் அது தொடங்க மறுக்கும். துறை 80-ஐ வேறு யாரோ பயன்படுத்துகிறார்கள் என்று சிவப்பு எழுத்தில் செய்தி வரும். பைத்தானில் ஒரு சிறிய சர்வரை ஓட்டிவிட்டு, அது நின்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு மறுபடி ஓட்டினாலும் இதே போன்ற செய்திதான். இரண்டு நிரல்கள் ஒரே முகவரியில் ஒரே துறையில் ஒரே நேரத்தில் காத்திருக்க, வழக்கமாக, இடமில்லை. லிம் துறையில் ஒரு படகு கட்டியிருக்கும் முளையில் இன்னொரு படகைக் கட்ட முடியாதல்லவா?

அப்போது நம்மில் பலர் என்ன செய்கிறோம்? கணினியை அணைத்துப் போடுகிறோம். சிலர் மென்பொருளை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுகிறார்கள். சரியாகிவிட்டால் மகிழ்ச்சி, ஆனால் ஏன் சரியானது என்று தெரியாது. நெட்ஸ்டாட் பார்ப்பவரோ, துறை 80-ஐப் பிடித்து வைத்திருப்பது விண்டோஸின் சொந்த வலைச் சேவையா, நேற்று மறந்துவிட்ட பழைய சர்வரா என்று கண்டுபிடிக்கிறார். ஒன்றை நிறுத்துகிறார், அல்லது தன் சர்வரை 8080-க்கு மாற்றிக்கொள்கிறார். முதலாமவர் அதிர்ஷ்டத்தை நம்புகிறார். இரண்டாமவர் காரணத்தைத் தேடுகிறார். அறிவியல் மாணவர் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

யாரும் பார்க்காத கதவுகள்

பார்க்காமல் விட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். இரண்டு நிகழ்வுகளைச் சொல்கிறேன்.

துறை 23 'டெல்நெட்' என்ற பழைய சேவைக்கு உரியது. தொலைவிலிருந்து ஒரு கணினியை இயக்க அது உதவியது. ஆனால் கடவுச்சொல்லைக்கூட மறைக்காமல் அனுப்பிவிடும். ஹெல்சிங்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்ட பிறகு, அங்கிருந்த டாட்டு யுலோனன் 1995-இல் 'எஸ்எஸ்ஹெச்' என்ற மாற்று முறையை எழுதினார். எண்களை வழங்கும் அமைப்புக்கு மின்னஞ்சல் போட்டு ஒரு துறை எண் கேட்டார். மறுநாளே 22 கிடைத்தது. அன்றிலிருந்து பாதுகாப்பான வழி இருக்கிறது.

ஆனால், 21 ஆண்டுகள் கழித்து, 2016-இல் என்ன நடந்தது? உலகெங்கும் வீடுகளிலும் கடைகளிலும் மாட்டப்பட்டிருந்த இணையக் கேமராக்களும் ரவுட்டர்களும் அந்தப் பழைய டெல்நெட் கதவைத் திறந்தே வைத்திருந்தன. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை வாங்கியவர்கள் மாற்றவும் இல்லை. 'மிராய்' என்ற தீநிரல் இணையம் முழுவதும் 23, 2323 ஆகிய துறைகளைத் தட்டிக்கொண்டே போனது. ஏறத்தாழ 60 பொதுவான பெயர், கடவுச்சொல் இணைகளை மட்டும் முயன்று பார்த்தது. அதுவே பல லட்சம் கருவிகளைக் கைப்பற்றப் போதுமானதாக இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21-இல் மிராய் வகைக் கருவிப்படை 'டைன்' என்ற அமெரிக்க நிறுவனத்தைத் தாக்கியபோது, டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற பெரிய தளங்களைப் பலரால் திறக்க முடியவில்லை.

மிராயின் இன்னொரு குணத்தைக் கேளுங்கள். ஒரு கருவிக்குள் நுழைந்ததும் 22, 23, 80 ஆகிய துறைகளை வைத்திருக்கும் நிரல்களைத் தேடி நிறுத்திவிட்டு, அந்தத் துறைகளைத் தானே பிடித்துக்கொள்ளும். போட்டித் திருடன் யாரும் பின்னால் வந்துவிடக் கூடாது என்ற முன்னெச்சரிக்கை. கேமராவின் சொந்தக்காரர் ஒருநாளும் கேட்காத கேள்வியைத் திருடன் வந்த கணமே கேட்கிறான்.

அதை எழுதியவர்கள் யார் என்று பார்த்தால் மனம் கனக்கிறது. 2017 டிசம்பரில் அமெரிக்க நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்ட மூவருக்கும் வயது 20, 21. மைன்கிராஃப்ட் சர்வர் நடத்துவோருக்கு இடையிலான வணிகப் போட்டியில் வேர்விட்ட வேலை அது. உங்களைவிட நான்கைந்து வயது மூத்தவர்கள். திறமை இருந்தது, எல்லை தெரியவில்லை.

இரண்டாவது நிகழ்வு வான்னாகிரை. விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் துறை 445. அந்தச் சேவையில் இருந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் 2017 மார்ச் 14-இல் வெளியிட்டது. மே 12-இல் வான்னாகிரை பரவத் தொடங்கியது. இடையில் ஏறத்தாழ இரண்டு மாதம் அவகாசம் இருந்தது. ஆனாலும், திருத்தம் போடாத கணினிகள் 445-ஐத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தன. யாரும் எந்த இணைப்பையும் சொடுக்கத் தேவையில்லாமல், கணினியிலிருந்து கணினிக்கு அது தாவியது. இங்கிலாந்தின் 236 பொது மருத்துவ அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. நோயாளிகளின் சந்திப்புகள் ஆயிரக்கணக்கில் ரத்தாயின. துறை எண் என்பது கணினிப் பைத்தியங்களின் விஷயம் என்று நினைப்பவர்கள், அந்த மருத்துவமனை வாசலில் காத்திருந்தவர்களை நினைத்துப் பார்க்க வேண்டும்.

மறுப்புகளுக்குப் பதில்

'ஃபயர்வால் இருக்கிறதே, ரவுட்டர் இருக்கிறதே, அவை பார்த்துக்கொள்ளாதா?' என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. வீட்டு ரவுட்டர் வெளியிலிருந்து தானாக வரும் அழைப்புகளை வழக்கமாக உள்ளே விடுவதில்லை. விண்டோஸின் ஃபயர்வாலும் பல அழைப்புகளைத் தடுக்கும். அவற்றை ஒருபோதும் அணைக்காதீர்கள். ஆனால், புதிதாக நிறுவிய விளையாட்டு அனுமதி கேட்கும்போது, படிக்காமலே 'அனுமதி' பொத்தானை அழுத்துவது யார்? நாம்தானே! மேலும், மடிக்கணினி வீட்டிலேயே இருப்பதில்லை. கோப்பிக்கடை, பேரங்காடி, விடுதி என்று எங்கே வைஃபையில் இணைந்தாலும், அங்கே இருக்கும் முன்பின் தெரியாதவர்களும் அதே வலையமைப்பில் இருக்கலாம். 0.0.0.0 என்று திறந்திருக்கும் கதவு அவர்கள் பக்கமும் திறந்திருக்கிறது. பொது இடத்தில் இணையும்போது, விண்டோஸ் கேட்டால், 'பப்ளிக் நெட்வொர்க்' என்றே தேர்ந்தெடுங்கள்.

'நெட்ஸ்டாட் எல்லாவற்றையும் காட்டிவிடுமா?' என்று இன்னும் கூர்மையானவர்கள் கேட்பார்கள். காட்டிவிடாது. பல தீநிரல்கள் எந்தத் துறையிலும் காத்திருப்பதில்லை. அவை வெளியே போய், சாதாரண வலைப்பக்கம் போல 443 வழியாகத் தம் எசமானரோடு பேசும். இன்னும் சில, இயங்குதளத்தையே ஏமாற்றித் தம்மை மறைத்துக்கொள்ளும். ஆகவே, பட்டியல் சுத்தமாக இருந்தால் கணினியும் சுத்தம் என்று முடிவுகட்டக் கூடாது. ஆனால் ஒன்று. வீட்டுக் கதவுகளை எண்ணித் தாழ்ப்பாள் போடுபவர் வீட்டிலும் திருட்டு நடக்கலாம் என்பதற்காக, யாரும் கதவைத் திறந்து போட்டுவிட்டுத் தூங்குவதில்லை. வழக்கமான பட்டியல் எப்படி இருக்கும் என்று தெரிந்தவருக்குத்தான், வழக்கத்துக்கு மாறானது கண்ணில் படும்.

'இதையெல்லாம் நிபுணர்கள் பார்க்கட்டுமே' என்பது மூன்றாவது மறுப்பு. இதை மட்டும் நான் ஏற்க மாட்டேன். மளிகைக்கடைக்கும் தையல் கடைக்கும் நிபுணர் யாரும் வருவதில்லை. கல்லாப்பெட்டிக் கணினியும் சுவர்க் கேமராவும் யாரோ வந்து மாட்டிவிட்டுப் போனவை. அவற்றைப் பழுதுபார்க்கத் தொலைவிலிருந்து இயக்கும் செயலி ஒன்றை நிறுவியிருப்பார்கள். வேலை முடிந்தபின் நீக்கினார்களா என்று அப்பாவுக்கும் தெரியாது, அம்மாவுக்கும் தெரியாது. அந்தக் கணினியில்தான் வங்கிக் கணக்கும் இருக்கிறது. அந்த வீட்டில் கணினி தெரிந்த ஒரே ஆள் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைதான். அந்தப் பிள்ளை நீங்கள்.

தாண்டக் கூடாத கோடு

இங்கே ஓர் எச்சரிக்கை. நான் சொன்னதெல்லாம் உங்கள் சொந்தக் கணினிக்கும், உரிமையாளர் 'பார்' என்று சொன்ன கணினிக்கும் மட்டுமே பொருந்தும். அடுத்தவர் கணினியின் துறைகளை வெளியிலிருந்து தட்டிப் பார்க்கும் கருவிகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பள்ளியின் வலையமைப்பிலோ பக்கத்து வீட்டு வைஃபையிலோ ஆர்வக்கோளாறில் அவற்றை ஓட்டிப் பார்க்காதீர்கள். அனுமதியின்றிக் கணினிக்குள் நுழைவதற்கு, மலேசியாவின் 1997ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3ஆம் பிரிவு 50,000 ரிங்கிட் வரை அபராதமும் 5 ஆண்டு வரை சிறையும் விதிக்க வகைசெய்கிறது. 'சும்மா பார்த்தேன்' என்பது அங்கே செல்லாது. தன் வீட்டுக் கதவை ஆட்டிப் பார்ப்பவரைப் பொறுப்புள்ளவர் என்கிறோம். ஊரார் கதவை ஆட்டிப் பார்ப்பவரை அப்படிச் சொல்வதில்லை.

ஒரு பாடவேளை போதும்

பள்ளிகளுக்கும் ஒரு கோரிக்கை. நம் மாணவர்கள் முதல் படிவத்திலிருந்தே நிரல் எழுதக் கற்கிறார்கள், மகிழ்ச்சி. ஆனால், ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணினியைக் கவனித்துப் பார்க்கவும் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும். உயிரியல் ஆய்வகத்தில் இலையைப் பிளந்து நுண்ணோக்கியில் பார்க்க வைக்கிறோம். கணினிக் கூடத்தில், நெட்ஸ்டாட் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் சொந்தக்காரரைக் கண்டுபிடிக்கச் சொல்ல ஒரு பாடவேளை போதும். புதிய கருவி வேண்டாம், பணம் வேண்டாம். தமிழ்க் கழகமோ கணினிக் கழகமோ புறப்பாட நடவடிக்கையாகச் செய்யலாம்.

பள்ளி தொடங்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். இந்த வார இறுதியில் ஒரு பழைய பயிற்சிப் புத்தகத்தை எடுங்கள். உங்கள் கணினியில் காத்திருக்கும் துறைகளை எழுதுங்கள்: எண், முகவரி, நிரலின் பெயர், அது தேவையா இல்லையா. நான்கே கட்டங்கள். தேவையில்லாத மென்பொருளைப் பெற்றோரிடம் சொல்லிவிட்டு முறைப்படி நீக்குங்கள். ரவுட்டரின் கடவுச்சொல் வாங்கியபோது இருந்ததேதானா என்று பாருங்கள். அதேதான் என்றால் இன்றே மாற்றுங்கள். விண்டோஸ் திருத்தங்களைத் தள்ளிப்போடாதீர்கள். எவ்வளவு தேடியும் சொந்தக்காரர் தெரியாத துறை இருந்தால், கணினியை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டு ஆசிரியரிடம் காட்டுங்கள். சைபர்செக்யூரிட்டி மலேசியா அமைப்பின் சைபர்999 உதவி மையத்துக்கும் தெரிவிக்கலாம்.

அடுத்த மாதம் மீண்டும் எடுத்து ஒப்பிடுங்கள். ஒரு வரி கூடியிருக்கும், ஒரு வரி குறைந்திருக்கும். ஏன் என்று கேளுங்கள். மூன்று மாதத்தில் உங்கள் கணினியின் வழக்கம் உங்களுக்குப் பழகிவிடும். ஜான் போஸ்டல் உலகத்துக்காக ஒரு பட்டியல் வைத்திருந்தார். உங்கள் வீட்டுக்கான பட்டியலை நீங்கள் வைத்திருங்கள். அது திருடன் கையில் மட்டும் இருக்க வேண்டாம்.